17. படத்தின் கீழ்ப்பாதி

புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'நிழல்' என்று மட்டும் சொன்னார்கள். அதையும் தங்கையனின் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று சொன்னார்கள்.

வலது நுரையீரலின் அடியில் ஒரு நிழல். சின்னக் கொய்யாக்காய் அளவு.

போன சனிக்கிழமை மனைவி செல்லக்கிளியோடு முசிறியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார் தங்கையன். அங்கே இலவச நெஞ்சு முகாம். எக்ஸ்ரே வேன் வந்து நின்றிருந்தது. அவருக்கு இருமல் கிடையாது, இளைப்பு கிடையாது. பீடியை விட்டும் பதினோரு வருஷம் ஆகிறது. "நம்ம மருமக பானு கம்பெனிப் பெட்டிதானே உள்ளே இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்று சிரித்துக்கொண்டே டோக்கன் வாங்கினார். நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அன்றோடு ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் இருந்த அந்த வீட்டின் சிரிப்பு நின்றது.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்குத் தில்லை நகரில் சி.டி. ஸ்கேன்.

காலை ஏழு மணிக்குப் பானுப்ரியா பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சமயபுரத்தாள் படத்தின் காலடியில் எக்ஸ்ரே ஃபிலிம் இருந்த பழுப்புக் கவர் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நாலு மூலையிலும் குங்குமம். எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் மாமியார் செல்லக்கிளி. இரண்டு ராத்திரித் தூக்கம் அவள் முகத்தில் பாக்கி நின்றது.

"எடுத்துக்க பானு" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "ஆத்தா பார்த்துட்டா. இனிமே டாக்டர் பார்க்கட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

"வெந்நீர் கொண்டு வரவா அத்தை?"

"வேணாம். தூங்காம தொண்டை காஞ்சு கிடக்கு. நீ உங்க மாமாவைப் பாரு."

பானு கவரை எடுத்தாள். நேற்று கணவன் முருகானந்தம் அதை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்ததிலிருந்து அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. வேலையில் ஒரு நாளைக்கு நூறு எக்ஸ்ரே பார்ப்பவள்தான். ஆனால் இது மாமாவுடையது. கல்யாணமாகி வந்த முதல் மாசத்தில், "சமையல் தெரியாதுன்னா என்னம்மா, எனக்கும்தான் கம்ப்யூட்டர் தெரியாது" என்று சொன்னவருடைய நெஞ்சு.

பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

நிழல் முதலில் தெரிந்தது. கண்ணை அதிலிருந்து விலக்கிக் கீழே கொண்டு போனாள்.

படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு ஊக்கு இருந்தது.

சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் குத்துகிற சாதாரண ஊக்கு. வெள்ளை வெளேரென்று, வளைவும் முனையும் துல்லியமாக. அதற்குப் பக்கத்தில், படத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு, உருண்டையாக இன்னொரு வெள்ளைத் துண்டு.

"என்னங்க, இதைப் பார்த்தீங்களா?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான் முருகானந்தம். "பார்த்தேன். ரிப்போர்ட்லயே போட்டிருக்கே, 'உலோகப் பொருள், உடையில் இருந்திருக்கலாம்'னு."

கூடத்தில் தங்கையன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமைப் பேப்பர்.

"என்னம்மா, போட்டோ நல்லா விழுந்திருக்கா? பொண்ணு பார்க்க அனுப்பலாமா?"

"மாமா, எக்ஸ்ரே எடுக்கிறப்போ உங்ககிட்ட ஊக்கு ஏதாவது இருந்துச்சா?"

"ஊக்கா? எனக்கு எதுக்கும்மா ஊக்கு? சட்டையைக் கழட்டு, பனியனைக் கழட்டுன்னு அந்தப் பொண்ணு எல்லாத்தையும் உருவிட்டுதான் நிக்க வச்சுது. அரைஞாண் கயிறுகூட வெறும் நூலுதான். வெள்ளி போன வருஷமே அறுந்து போச்சு, உங்க அத்தை மாத்தித் தரேன் தரேன்னு..."

அவர் பேசிக்கொண்டே போனார். பானுவின் கண் மறுபடியும் ஃபிலிமுக்குப் போனது. ஊக்கிலிருந்து மெதுவாக மேலே ஏறியது. நிழலுக்குச் சற்று மேலே நின்றது.

அந்த இடத்தில் விலா எலும்புகள் சரியாகச் சேரவில்லை.

நூலிழை வித்தியாசம்தான். இடமிருந்து வலம் வரை ஒரே நேர்கோட்டில், ஒவ்வொரு எலும்பும் ஒரு துளி நகர்ந்திருந்தது. ஒரே நாளில் நூற்றுப் பத்துப் படம் பார்க்கிற டாக்டர் கண்ணில் படாது. அந்தப் படங்களை விரிக்கிற புரோகிராமை எழுதியவள் கண்ணில் படும்.

அவள் ஃபிலிமைக் கவருக்குள் செருகினாள்.

"நான் ஆபீஸ் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

முருகானந்தம் திரும்பிப் பார்த்தான். "இன்னிக்கா?"

"மூணு மணிக்கெல்லாம் நேரா ஸ்கேன் சென்டருக்கே வந்துடுவேன்."

"அப்பாவுக்கு ஸ்கேன் பானு. கடையைப் பூட்டிட்டு நான் உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் உன் பெட்டி நீ இல்லாம ஓடாதா?"

என்ன சொல்வது? உங்க அப்பா நெஞ்சுல இருக்கிறது அவரோடது இல்லைன்னு நினைக்கிறேன், அப்படி இருந்தா அது என் தப்பு என்றா?

"போகட்டும் விடுடா" என்று பூஜை அறையிலிருந்து செல்லக்கிளியின் குரல் வந்தது. "அவ வேலை அவளுக்குத்தானே தெரியும்."

அந்தக் குரல்தான் அவளைக் குத்தியது.

* * *

காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரை ஓட்டிப் போகும்போது, ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் பானுவுக்கு ஞாபகம் வந்தது. கடை முற்றத்தில் செல்லக்கிளி அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தங்கையனின் வாடகைப் பாத்திரக் கடை ஸ்ரீரங்கத்தில் முப்பது வருஷமாக நடக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டாவும் குண்டானும் அங்கிருந்துதான் போகும்.

"உன் வேலைதான் என்னடி? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் செல்லக்கிளி.

பானு சொன்னாள். வேனில் ஒரு பெட்டி எக்ஸ்ரே படத்தைச் சுருக்கி, போன் சிக்னலில் அனுப்பும். தில்லை நகர் ஆஸ்பத்திரியில் இன்னொரு சின்னப் பெட்டி அதை வாங்கி விரிக்கும். விரிப்பதற்கு இடம் வேண்டும், அதுதான் மெமரி. சுருக்கி விரிக்கிற புரோகிராம் எந்த இயந்திரத்தில் போட்டாலும் ஓட வேண்டும், மண்டபம் போலப் பெரிசோ, டிபன் டப்பா போலச் சின்னதோ. அதனால் உள்ளே வேலை செய்கிற யாரும் நேராக மெமரியை எடுக்கக் கூடாது. நடுவில் ஒரு மேனேஜர் இருப்பார். அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒரு படம் முடிந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"அட, நம்ம கடை!" என்றாள் செல்லக்கிளி.

"அதேதான் அத்தை. அந்த மேனேஜரைத்தான் நான் ஒவ்வொரு பெட்டிக்கும் தகுந்த மாதிரி எழுதறேன்."

"சரி, கழுவித்தானே குடுப்பே?"

அன்றைக்குப் பானு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆமாம் அத்தை, கழுவித்தான் கொடுப்போம். அடுத்த படத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடுவோம்.

அதன்பிறகு ஒன்பது மாதங்களுக்கு முன்னால் அந்தச் சின்னப் பெட்டி தகராறு செய்தது. இருபது படம் விரித்ததும் அப்படியே நின்றுவிடும். பெரிய பெரிய துண்டாக வாங்கித் திருப்பிக் கொடுத்ததில் மெமரி சில்லுசில்லாக உடைந்து போயிருந்தது. பானு ஒரு வழி கண்டுபிடித்தாள். இருப்பதிலேயே பெரிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்கவே வேண்டாம், அதிலேயே அடுத்த படத்தையும் விரித்துக்கொள்ளலாம். பெட்டி நிற்காமல் ஓடியது. ஆனால் மெமரி போதாமல் பாதியை மெமரி கார்டில் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைத் துடைப்பதற்கே ஏழு விநாடி ஆனது.

ஏழு விநாடி! புதுப் படம் வந்து மூலை முடுக்கெல்லாம் நிரப்பத்தானே போகிறது, எதற்குத் துடைக்க வேண்டும்?

அந்த ஒரு வரியை அவள்தான் எடுத்தாள். ஆபீஸில் கைதட்டினார்கள்.

புதுப் படம் முழுசாக வந்தால் சரி. பாதியில் சிக்னல் அறுந்தால்?

முன்பானால் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக இருந்திருக்கும். பார்க்கிறவர்கள் படம் முழுசாக வரவில்லை என்று உடனே கண்டுபிடித்திருப்பார்கள். இப்போது கீழ்ப்பாதியில், அதற்கு முன்னால் வந்தவருடைய நெஞ்சு அப்படியே தங்கியிருக்கும். படம் பார்க்க முழுசாக இருக்கும்.

பின்னால் பஸ் ஹாரன் அலறியது. பாலத்தின் நடுவில் தான் ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

* * *

அவள் சொல்லி முடிக்கும்வரை ரெஜிஸ் குறுக்கே பேசவில்லை. ஏழு பேர் வேலை பார்க்கிற கம்பெனிக்கு முதலாளி அவர்.

"பானு, கதவைச் சாத்து" என்றார்.

சாத்தினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் சொல்லலை சார். வீட்டுல கூட."

"முதல்ல அந்த வரியைத் திரும்பப் போடு. இன்னிக்கே எல்லாப் பெட்டிக்கும் அனுப்பிடலாம். மத்தது... மத்ததை யோசிச்சு, நிதானமா..."

"சார், எங்க மாமா படத்துல இருக்கிற நிழல் யாரோ ஒரு பொம்பளையோடது. ஊக்கு இருக்கு. அவங்க எங்கேயோ அடுப்படியில நின்னு சமைச்சுக்கிட்டு இருப்பாங்க சார். அவங்களுக்கு உடம்பு இப்படி இருக்குன்னே தெரியாம."

ரெஜிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். துடைக்காமலே மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். தன்னைவிடப் பெரியவர் ஒருவர் பயப்படுவதைப் பார்ப்பது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மொத்தம் எத்தனை படம் இப்படிப் பாதியில நின்னிருக்கு?"

"ஒன்பது மாசத்துல பதினேழு. 'படம் முழுமையாக வரவில்லை'ன்னு பெட்டி ஒவ்வொரு தடவையும் எழுதி வச்சிருக்கு. நாமதான் அதைப் படிக்கவே இல்லை."

வெளியே பத்தாவது கிராஸில் ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெஜிஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க அம்மாவும் போன மாசம் நம்ம வேன்லதான் எடுத்தாங்க" என்றார் கடைசியில். "சரி. பதினேழு பேரையும் நான் பார்த்துக்கறேன். ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் பண்றேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கலாம். நீ அந்தப் பொம்பளையைக் கண்டுபிடி."

பானு முசிறி முகாமின் பதிவைத் திறந்தாள். சனிக்கிழமை. எட்டே முக்காலிலிருந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒருவர். டோக்கன் நாற்பது, பத்து ஐந்துக்கு. டோக்கன் நாற்பத்தொன்று, தங்கையன், பத்து முப்பத்திரண்டுக்கு. நடுவில் இருபத்தேழு நிமிஷம் யாருமே வேனுக்குள் போகவில்லை.

இல்லை, ஒரே ஒருவர். பத்து இருபத்திரண்டுக்கு. டோக்கன் இல்லை, பெயர் இல்லை, வயது இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டெஸ்ட்' என்று மட்டும் இருந்தது. டெஸ்ட் படங்கள் தனியாக ஒரு ஃபோல்டருக்குப் போய்விடும். எந்த டாக்டரும் அவற்றைத் திறப்பதில்லை.

அவள் திறந்தாள்.

முழுப் படம். எலும்புகள் எந்த இடத்திலும் நகரவில்லை. கீழ் ஓரத்தில் அதே ஊக்கு, விளிம்பில் அதே பாதி உருண்டை. வலது அடியில் அதே நிழல், இப்போது இன்னும் தெளிவாக.

"யாரும்மா நீங்க?" என்று திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள் பானு.

வேனில் எக்ஸ்ரே எடுக்கிற ஷரபுன்னிசாவுக்குப் போன் செய்தாள். இன்று வேன் திருவெள்ளறைக்கு அப்பால் ஏதோ கிராமத்தில். 'தொடர்பு எல்லைக்கு வெளியே.' மறுபடி செய்தாள். மூன்று மணிக்குள் பதினான்கு தடவை செய்துவிட்டாள். கடைசியில் ஒரு வரி அனுப்பினாள்: 'முசிறியில் டெஸ்ட் என்று எடுத்த பெண் யார்? உயிர் விஷயம். உடனே கூப்பிடு.'

* * *

ஸ்கேன் சென்டரில் முருகானந்தம் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

"என்மேல கோபமா?"

"கோபமெல்லாம் இல்லை. பயமா இருக்கு பானு. பக்கத்துல நீ இருப்பேன்னு நினைச்சேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் அது தன் யூகமாக மட்டும் இருந்து, மாமாவின் நெஞ்சில் நிஜமாகவே நிழல் இருந்துவிட்டால்? இல்லாத ஆறுதலை அவனுக்குக் கொடுத்துப் பிடுங்கிக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

செல்லக்கிளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து உதட்டுக்குள் ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தாள். மூடியதும் உட்கார்ந்தாள். நடுநடுவே முந்தானையால் வாயை மூடி இருமினாள்.

ஐந்தரை மணிக்கு டாக்டர் மகாலட்சுமி அவர்களைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க நெஞ்சுல ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு. நிழலும் இல்லை, வெயிலும் இல்லை."

ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. பிறகு செல்லக்கிளி அப்படியே தரையில் உட்கார்ந்து 'ஓ'வென்று அழுதாள். முருகானந்தம் சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப அந்த ஃபிலிம்?" என்றார் தங்கையன்.

"அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க வெளியில இருங்க. பானுப்ரியா மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க."

கதவு சாத்தியதும் டாக்டரின் முகம் மாறியது. "ரெஜிஸ் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னார். அந்த டெஸ்ட் படத்தையும் அனுப்பினார். உங்களைத் திட்டறதுக்கு இப்ப நேரம் இல்லை. அந்த அம்மாவைக் கண்டுபிடிங்க. என்னன்னு ஸ்கேன் பார்க்காம சொல்ல முடியாது. ஆனா தள்ளிப்போடற விஷயம் இல்லை." ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினார். "ஸ்கேனுக்கு எழுதி வச்சுட்டேன். பேரை மட்டும் போடணும். எந்த நேரம் கூட்டிட்டு வந்தாலும் எடுக்கச் சொல்லியிருக்கேன்."

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் மட்டும். பானு அந்தச் சீட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே ஒரு கல்யாணமே நடந்துகொண்டிருந்தது. முருகானந்தம் காபி வாங்கி வந்திருந்தான். தங்கையன், "நாளைக்குக் கடையில எல்லா அண்டாவையும் இறக்கித் திருப்பி எண்ணப் போறேன், மூணு நாள்ல இவன் என்னத்தைத் தொலைச்சானோ" என்று மகனை வம்புக்கு இழுத்தார். கடைசியில் அப்பாவும் மகனும் பில் போடக் கவுன்ட்டருக்குப் போனார்கள்.

செல்லக்கிளி மருமகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மூன்று நாளாக அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் வெளியே கொட்டியது.

"என்னமோ தப்பு நடந்துபோச்சுன்னாரே டாக்டர், உன் பெட்டியை யாரும் குறை சொல்லிடப் போறாங்கடி. விடாதே. அன்னிக்கு அந்த வேன்ல நான் என்ன பெருமையா பேசினேன் தெரியுமா? சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம்ல? உங்க மாமா டோக்கனைக் கூப்பிட்டப்போ மணி பத்து அஞ்சோ ஆறோ. நல்ல காரியத்துக்கா போறோம், ராகு காலத்துல போயி நெஞ்சைக் காட்ட வேணாம், பத்தரை தாண்டட்டும்னு நிறுத்திட்டேன். நான் சொன்னதும் பின்னால நின்ன அத்தனை பேரும் நின்னுட்டாங்க! எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க, உங்க மாமா உட்பட."

பானு சிரிக்க முயன்றாள். பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

இருபத்தேழு நிமிஷம்.

"பாவம், அந்தப் பொண்ணு ஷரபுன்னிசா, உள்ளே தனியா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. நான் ஏறிப்போய் என் மருமக எழுதின பெட்டி இதுல எதும்மான்னு கேட்டேன். காட்டுச்சு. சரி, எனக்கும் ஒண்ணு எடேன்னேன். ராகு காலம் ஆச்சேம்மான்னு அது கிண்டல் பண்ணுது. எனக்கென்னம்மா வியாதி, சும்மா ஒரு ஆசைக்குத்தானே, அதுக்கு ராகு காலம் எதுக்குன்னேன். டோக்கன் இல்லையேன்னு யோசிச்சுது. பானுவோட மாமியார்னதும் எடுத்துடுச்சு. உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது, சொன்னா என்னைத்தான் திட்டுவாரு." 

இருமல் வந்தது. செல்லக்கிளி அதை விழுங்கிக்கொண்டு சிரித்தாள்.

"தாலியைக் கழட்டுங்கன்னுச்சு. அதெல்லாம் நடக்காதுன்னுட்டேன். கீழே இழுத்து ஜாக்கெட்டு விளிம்புல செருகிக்கிட்டு நின்னேன். எனக்கு ரிப்போர்ட் எதுவும் வரலை பாரு. அப்ப ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்?"

பேச்சுவாக்கில் அவள் கை கழுத்துக்குப் போயிருந்தது. மஞ்சள் சரட்டில் ஒரு தாலி. அதன் இரண்டு பக்கமும் தங்கக் குண்டு. குண்டுக்குக் கீழே, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வருஷக்கணக்காகக் கோத்து வைத்திருக்கும் ஒற்றை ஊக்கு.

பானுவின் கைப்பையில் போன் அதிர்ந்தது. ஷரபுன்னிசா. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

நேற்று ராத்திரி முழுக்கப் பூஜை அறையில், சமயபுரத்தாளின் காலடியில், தன்னுடைய நெஞ்சுக்கே குங்குமம் வைத்துத்தான் இந்த அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, முகம் வெளுத்துப் போச்சு? மாமாவுக்குத்தான் ஒண்ணும் இல்லேன்னுட்டாங்களே. நீ ஏதாவது சாப்பிட்டியா இல்லையா?"

பானு உள்ளங்கையைப் பிரித்தாள். வியர்வையில் நனைந்திருந்த சீட்டை மடியில் வைத்து நீவிவிட்டாள். பேனாவை எடுத்தாள். முதல் எழுத்தை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. புள்ளிகளின்மேல் மெதுவாக எழுதி முடித்தாள்.

செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கடைக் கணக்கு எழுதுகிற அளவுக்குப் படிக்கத் தெரியும். தன் பெயர் நன்றாகவே தெரியும்.

"என் பேரை எதுக்கு எழுதறே?"

பானு எழுந்து போய் அந்தச் சீட்டைக் கவுன்ட்டர் பெண்ணிடம் கொடுத்தாள். பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்த முருகானந்தம், "என்ன பானு?" என்றான். அவள் திரும்பி வந்து, மாமியாரின் காலடியில் தரையில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை... நான் கழுவாம குடுத்துட்டேன்."

"எதைடி?"

"அன்னிக்குக் கேட்டீங்களே. கழுவித்தானே குடுப்பேன்னு. நான் கழுவலை அத்தை. முன்னாடி வந்தவங்களோடது அப்படியே உள்ளே இருந்துச்சு. அதுக்கு மேலதான் மாமாவோடது வந்து பாதி விழுந்துச்சு."

செல்லக்கிளி முப்பது வருஷம் பாத்திரம் வாடகைக்கு விட்டவள். அதற்குமேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கடை முற்றத்தில் அண்டாவை எண்ணுகிற மாதிரி, அவள் கண்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனதைப் பானு பார்த்தாள். வேன். ராகு காலம். டோக்கன் இல்லாத படம். அதற்குப் பிறகு தன் புருஷன்.

அவள் விரல்கள் தாலிச் சரட்டைத் தேடிப் போய் அந்த ஊக்கைப் பற்றிக்கொண்டன. இந்தத் தடவை இருமலை அவள் விழுங்கவில்லை.

"செல்லக்கிளி!" என்று கவுன்ட்டரிலிருந்து குரல் வந்தது. "செல்லக்கிளி யாருங்க?"

பில்லைக் கையில் பிடித்தபடி தங்கையனும் முருகானந்தமும் திரும்பிப் பார்த்தார்கள்.